ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த மாடித்தோட்டப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பேர், எதிர்வீட்டுத் தம்பி, ரேஷன் கடை வரிசையில் கையைப் பிடித்துக்கொண்ட ஓர் அம்மா. நான்கு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பை எங்கக்கா வாங்குறது?"

செடி வளர்க்கிற பை என்பது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய நாலைந்து வேலைகளுக்குக் காசே வேண்டாம். அந்த வேலைகளைச் செய்யாமல் பையை வாங்கியவர்களின் பைகள்தான் எங்கள் பகுதி மொட்டை மாடிகளில் காய்ந்த மண்ணோடு மூலையில் கிடக்கின்றன. ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது சொன்னால் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரை செல்லூரில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். 2021 பங்குனியில் மாடியில் காய்கறி போடலாம் என்று ஆசைப்பட்டு, ஒரு நர்சரியில் 20 பை, கோகோபீட் என்று விற்கிற தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 12 வகை விதைப் பாக்கெட் எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். விதையில் காலிஃப்ளவரும் கேரட்டும் இருந்தன. மதுரை வெயிலில் பங்குனியில் காலிஃப்ளவர் வராது என்று விற்றவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லாப் பையிலும் வெறும் நார்க்கழிவை நிரப்பி, மாடி நடுவில் வரிசையாக வைத்து விதைத்தேன். முளைத்தது. இரண்டு விரல் உயரம் வந்தது. அப்புறம் வெளிறி மஞ்சளாகி நின்றுவிட்டது. மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு மத்தியானம் பையைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. மேல் நார் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்க, அடியில் தண்ணீர் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. வேர் மேலே வெந்தது, கீழே அழுகியது.

என் மாமியார் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். பருத்தியும் கம்பும் விதைத்து வளர்ந்தவர். அதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்தவர் அன்றைக்கு மாடிக்கு வந்து பையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "பங்குனியில போயி யாரும்மா வெதப்பா? ஆடி வரட்டும், நான் போட்டுத் தாரேன்" என்றார். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அது வயல்காட்டுக்குச் சொன்னது, மாடிக்கு என்ன என்று நினைத்திருந்தேன். மாடிக்குத்தான் அது இன்னும் பொருந்தும் என்று இப்போது தெரிகிறது. ஆடியில் வெயிலின் கடுமை குறைகிறது, மேகம் போடுகிறது, எப்போதாவது சாயங்காலம் ஒரு தூறல் விழுகிறது. அப்போது விதைத்தால் ஐப்பசி மழை அடித்துப் பெய்வதற்குள் செடி வேர்பிடித்து நின்றுவிடும். ஆடியைத் தவறவிட்டால் தைப்பட்டம், அதாவது தை மாத விதைப்புப் பருவம், இருக்கிறது. சித்திரையில் புதிதாகத் தொடங்க வேண்டாம், நிழல்வலை கட்டி இருக்கிற செடியைக் காப்பாற்றினாலே போதும்.

முதல் வேலை வெயில் பார்ப்பது. எனக்கு அது தையல் சாக்பீஸால் வந்தது. அத்தை, "எந்த மூலையில எம்புட்டு நேரம் வெயிலு நிக்கிதுன்னு பாரு" என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை, துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காலை 8 மணிக்கு நிழலின் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கோடு. 10 மணிக்கு ஒன்று. 12, 2, 4 மணிக்கு ஒவ்வொன்று. சாயங்காலம் மாடித் தரை முழுக்க வெட்டுத்துணியில் குறி போட்டது போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர்த் தொட்டியின் மேற்குப் பக்கம் காலையில் வெயிலே படாது என்பதும், கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு நாலடி தள்ளி முழுசாக 7 மணி நேரம் வெயில் நிற்கிறது என்பதும் தெரிந்தது. காய் தருகிற செடிகளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் கிடைத்தாலே போதும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஆனியில் சூரியன் தலைக்கு மேலே கொஞ்சம் வடக்கே நிற்கிறது, உச்சி வேளை நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், நிழல் வடக்கே நீளும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் மாடித் தரையிலிருந்து 12 அடி உயரம். இப்போது அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழி மத்தியானம் அதன் நிழல் எங்கள் மாடிக்குள் 8 அடி வந்துவிடும். ஆடியில் கத்தரியை அந்த இடத்தில் வைத்தால், காய்க்கிற பருவத்தில் இருட்டில் நிற்கும். தெற்கே உயரமான கட்டடம் இருக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு இடம் ஒதுக்குங்கள்.

அடுத்தது பாரம். 24 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரப் பையில் கலவை நிரப்பித் தண்ணீர் விட்டால் 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரை வரும். 10 பை என்றால் 200 கிலோ வரை. அதை மாடி நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் போகிற வரிசையில் ஓரமாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். தண்ணீர் தேங்காது, தளத்தில் ஓதமும் ஏறாது, தளத்துச் சூடும் நேரே வேருக்கு ஏறாது. பழைய வீடாக இருந்தால் ஒரு கொத்தனாரிடம் காட்டிவிட்டுச் செய்வது நல்லது. பையே வேண்டும் என்பதும் இல்லை. 25 கிலோ அரிசிச் சாக்கைப் பாதி உயரத்துக்கு மடித்துவிட்டால் நல்ல தொட்டி. உடைந்த வாளி, பழைய அண்டா, மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் செடி இருக்கிறது. எண்ணெய் பெயிண்ட் இருந்த வாளி மட்டும் வேண்டாம். எதுவானாலும் அடியில் நாலைந்து ஓட்டை இருக்க வேண்டும். கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் விரிசல் விடாது.

மண் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலும் தோற்பது இங்கேதான். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர அதில் செடிக்குச் சத்து கிடையாது. நாங்கள் செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலக்கிறோம். நார்க்கட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறப்போடுகிறோம். அதில் உப்பு இருக்கும். டிகாக்ஷன் மாதிரி இருக்கிற தண்ணீர் வெளிறி வருகிற வரை, இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். தொழு உரத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். சாண வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை, போட்டால் சூடேறும், வேரைக் கடிக்கிற வெள்ளைப் புழுவும் சேர்ந்து வரும். மழை பெய்த மண் வாசம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எல்லாவற்றையும் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் 10 நாள் ஆறவிடுங்கள். பிறகு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் செம்மண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

என்ன விதைப்பது என்பதை விதைக்கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டில் என்ன காய் வெந்தது என்று காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர். வெண்டைக்காய் வாரம் இரண்டு நாள், கீரை மூன்று நாள், கத்தரிக்காய் எப்படியும் ஒரு நாள், மிளகாய் தினமும். அதனால் அந்த நாலும் கொத்தவரையும்தான் அந்த ஆடியில் போட்டோம். எண்ணிக்கையும் முக்கியம். வெண்டைச் செடி ஒன்று, இரண்டு நாளுக்கு ஒரு காய்தான் தரும். இரண்டு செடி வைத்துவிட்டு "காயே வரலை" என்றால் எப்படி? ஐந்து பேருக்குப் பொரியல் வேண்டுமென்றால் 10, 12 செடி இருக்க வேண்டும். கத்தரி நாலு செடி தாராளம். மிளகாய் மூன்று. கீரையை ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் தூவாமல் வாரம் ஒரு தொட்டியாகத் தூவினால் வாரா வாரம் வரும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில் மூன்று விரல் விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழையும்.

தக்காளியை முதல் பட்டத்தில் விட்டுவிடுங்கள் என்பேன். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் தெருவில் ஆளாளுக்குத் தக்காளி விதைத்தார்கள். நாற்றுக்கு ஒரு மாதம், நட்டபின் பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல். பழம் வருவதற்குள் சந்தையில் விலை இறங்கிவிட்டது. அதற்குள் பாதிப் பேர் வீட்டில் இலை சுருண்டு செடியும் போய்விட்டது. விலையைப் பார்த்து விதைப்பது வீட்டுத்தோட்டத்துக்குச் சரிவராது. கை பழகிய பிறகு போடுங்கள். அப்போதும் ஒட்டுரக (ஹைப்ரிட்) விதையைத் தேடாமல் பி.கே.எம்.1 மாதிரி ரகம் கேட்டு வாங்குங்கள். பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம், பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. அதில் நல்ல பழமாக ஒன்றை விட்டு வைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை நம்முடையது. ஒட்டுரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போல வராது.

விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் தேதி பாருங்கள். தேதி சரியாக இருந்தாலும் நான் சோதிக்காமல் போடுவதில்லை. தையலில் மிஞ்சிய பருத்தி வெட்டுத்துணியை நனைத்து, 10 விதையை வைத்துச் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் மூடி வைப்பேன். வெண்டை என்றால் நாலு நாளில் வால் விட்டுவிடும். 10-க்கு 7 முளைத்தால் நல்ல விதை. 4 முளைத்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம், பட்டம் வீணாகாது. விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். வெண்டை, கொத்தவரை, கொடிவகை எல்லாம் நேரடியாக ஊன்ற வேண்டியவை. கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடுபவை. அந்த இரண்டையும் இந்த வாரம் சின்னக் கப்பில் தூவினீர்கள் என்றால், ஆடி பிறந்து பத்து நாளில் நடுகிற பருவத்துக்கு வந்திருக்கும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி மேலாக மண்ணை நிரவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகும். அத்தை தொட்டிக்கு எட்டத்தில் ஒரு பிடி அரிசிக் குருணையைப் போட்டுவிடுவார். எறும்பு அந்தப் பக்கம் போய்விடும்.

ஆடிக்காற்றுக்கு அம்மியும் பறக்கும் என்பார்கள். மாடியில் அது நிஜம். அரை அடி வளர்ந்ததுமே ஒரு குச்சி நட்டு, துணிக்கீற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும்.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. ஒரு வருடம் அதையே ஊற்றியதில் பை விளிம்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. இப்போது அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு குடத்தில் சேர்த்து, மாநகராட்சித் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறோம். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாகிறதே என்று செடிக்கு விடுகிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்து வருவதே அதில்தான். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

பூச்சி வரும். வராத தோட்டம் கிடையாது. தினமும் காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரிய மருந்து. வெண்டை இலையின் அடியில் வெள்ளை ஈ, தூசி போல ஒட்டியிருக்கும், தொட்டால் பறக்கும். அது பரப்புகிற நோயில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னினாற்போல் ஆகும், காயும் வெளிறும். அந்தச் செடிக்கு மருந்து இல்லை. மனது கேட்காது, ஆனாலும் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்கும் போய்விடும். வருமுன் காக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கிறோம். முதலில் இரண்டு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மற்றதற்கு. மாவுப்பூச்சி நாலைந்து இடத்தில் இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

இரண்டாம் வருடம் புடலை போட்டோம். கொடி பந்தல் ஏறி, கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது, ஒரு பிஞ்சும் இல்லை. நோய் என்று பயந்துவிட்டேன். அத்தைதான், "அதெல்லாம் ஆம்பளப் பூவும்மா, பொம்பளப் பூ பின்னாடி வரும்" என்றார். பத்து நாள் கழித்து வந்தது. தனிப்பூ, காம்புக்குப் பதிலாகக் குட்டிப் புடலங்காய் ஒன்று அதன் அடியிலேயே இருந்தது. ஆனால் எங்கள் மாடிக்கு அந்த நேரத்தில் பூச்சி வரத்து போதாது போல, அந்தப் பிஞ்சுகளும் வெம்பி விழுந்தன. புடலை சாயங்காலம் மலர்கிற பூ. ஆறரை மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு மேலே போனால், மொட்டின் நுனி பிரிந்து, வெள்ளை இழை இழையாக, லேஸ் சுருளைக் கையை விட்டால் பிரிவது போல நம் கண் முன்னே விரியும். ஆண் பூவைப் பறித்து, இதழை ஒதுக்கி, நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுப்பேன். அத்தை கீழே இருந்து டார்ச் அடிப்பார். அப்படித் தொட்ட நாலு பூவில் மூன்று காய் ஆனது. முதல் காய் இரண்டு முழம். சுரைக்கும் பீர்க்குக்கும் இதே போலச் சாயங்காலம், பூசணிக்கும் பாகலுக்கும் காலையில். பூ உதிர்கிறதே என்று கொடியை வெட்டிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். பத்து நாள் பொறுங்கள்.

இதனால் காய்க்கடைப் பக்கமே போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெங்காயம், உருளை, கேரட், தக்காளியில் பாதி எல்லாம் நாங்கள் இன்னும் அண்ணா நகர் உழவர் சந்தையில்தான் வாங்குகிறோம். 1999-இல் தமிழ்நாட்டில் முதன்முதலில் திறந்த உழவர் சந்தை அது. கீரை, மிளகாய், கறிவேப்பிலை இந்த மூன்றுக்கும் காசு கொடுப்பதில்லை. வெண்டையும் கத்தரியும் ஆவணி முதல் தை வரை பெரும்பாலும் மாடியிலிருந்து. சந்தைக்குக் கொண்டுவருகிற உழவர்களிடம் நின்று கேளுங்கள். என் சந்தேகங்களில் பாதி அங்கே தராசுக்குப் பக்கத்தில் தீர்ந்தவை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் நிறைந்த பெரிய பக்கம் வருடத்துக்கு ஒருமுறை வருவதைவிட, தமிழ் மாதம் பிறப்பதற்கு 15 நாள் முன்னால் ஒரு கால் பக்கம் போதும். இந்த மாதம் எதை நாற்றுவிடலாம், எதை நேரடியாக ஊன்றலாம், எதைத் தொடக் கூடாது என்று, மதுரைக்கு வேறு, கோவைக்கு வேறு, கடலூருக்கு வேறாகப் போடுங்கள். கொடைக்கானலில் வருகிறது செல்லூரில் வராது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் கேட்டால் எழுதித் தர ஆள் இருப்பார்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (பை, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு) தருகிற விவரத்தையும், எப்போது, எப்படிப் பதிவது என்று அதே இடத்தில் போட்டால், ஆடிக்கு முன்னாலேயே மக்கள் கையில் பை இருக்கும்.

என்னிடம் வந்த நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி நேற்றே கோடு போட்டு முடித்துவிட்டார். அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே நல்ல வெயில் இடம், பத்து சாக்கு வைக்கலாம். கத்தரி விதை பாதிப் பாக்கெட் என்னிடம் மிச்சம் இருந்தது, கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.